எல்லோருக்கும் லேப்டாப் கொடுத்தாகிவிட்டது, புயல் வெள்ளத்தில் வேலை நிற்காமல் இருக்க இது போதாதா?

போதாது. உங்களுடையது சென்னையில் முப்பது நாற்பது பேர் உள்ள அலுவலகம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

பெருங்குடிப் பக்கம், மற்ற கம்பெனிகளுக்குச் சம்பளம், டிடிஎஸ் (சம்பளத்திலும் மற்ற தொகையிலும் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பார்த்துக்கொடுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. கொரோனாவை லேப்டாப்பை வைத்துச் சமாளித்ததில் முதலாளிக்கு ஏக தைரியம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. பிடித்த வரியை 7-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். வாடகை கட்டுப்படியாகும் என்று எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இருந்தது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், மேடவாக்கம். அத்தனை வீட்டிலும் ஒரே நேரத்தில் கரண்ட் போய், இன்வெர்ட்டர் இறங்கி, டவரும் படுத்துவிட்டது. மதுரைக்குப் போயிருந்த பெண் ஒருத்தி சலான் எல்லாவற்றையும் போட்டு வங்கித் தளத்தில் ஏற்றிவிட்டாள், ஆனால் ஒப்புதல் கொடுக்க வேண்டிய சார் பெரும்பாக்கத்தில் மாடியில், சார்ஜ் செத்த போனோடு. ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும். அவர் படகேறி, தாம்பரத்தில் மச்சினர் வீட்டுக்குப் போய் போனை உயிர்ப்பித்த பிறகுதான் பணம் கட்டினோம்.

அதனால் ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை எது, அவர் குடியிருப்பது எங்கே, இதை முதலில் எழுதுங்கள். ஒப்புதலுக்கு இரண்டாவது ஆளை வேறு ஊரில் வையுங்கள். வங்கியில் போர்டு தீர்மானம் (கம்பெனி இயக்குநர்கள் கூடி எடுத்த முடிவு) கேட்பார்கள், மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். அந்த வேறு ஊரும் ஒரே ஒரு ஊராக இருக்கக் கூடாது. நெல்லைப் பக்கம் ஆள் வைக்கலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே, அதே டிசம்பரில் அதற்குப் பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது.

சின்னக் கம்பெனி, அப்படித்தான் இருக்கும் என்று சொல்ல வராதீர்கள். 1878-இல் தொடங்கிய ‘தி இந்து’ ஆங்கில நாளிதழே 2015 வெள்ளத்தில், டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஆட்கள் போய்ச் சேர முடியவில்லை, அவ்வளவுதான். வடிகாலைச் சரிசெய்யாமல் இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு, தாராளமாகச் சரிசெய்யட்டும், யார் வேண்டாம் என்றது?

அப்புறம், கேட்காத ஒன்றும். அரசு விடுமுறை விட்ட நாட்களுக்கே எங்களுக்கு லீவைக் கழித்தார்கள். முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து சர்வர் அறையில் தண்ணீரை வாரி ஊற்றிய ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கு ஆப்சென்ட், ஏனென்றால் கரண்ட் இல்லாமல் பயோமெட்ரிக் ஓடவில்லையாம். கேட்டால், அவர் கான்ட்ராக்டர் ஆள், அங்கே பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள்.