வேலிப் பக்கங்களைத் தாண்டிவிடலாமா?

கேள்வி: மார்செல் புரூஸ்டின் ‘இழந்த காலத்தைத் தேடி’ முதல் பாகத்தை மொழிபெயர்ப்பில் படிக்கிறேன். ஒரு பூவேலியைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். கதை நகரவில்லை. பிரெஞ்சுக் கிராமத்தையே பார்த்திராத நான் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடலாமா?
- ஒரு கல்லூரி மாணவி

பதில்: தாண்டாதீர்கள், தங்கையே. கதை நடப்பதே அந்த வேலியில்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம், குடும்ப நண்பரான ஸ்வானின் தோட்டம். அவர் செய்துகொண்ட திருமணத்தை, கதைசொல்லியான சிறுவனின் குடும்பம் ஏற்கவில்லை; அவர் மனைவியோடு அவர்களுக்குப் போக்குவரத்தே கிடையாது. ஸ்வானின் மனைவியும் மகளும் ஊரில் இல்லை என்று நம்பித்தான் அன்று அந்தத் தோட்டத்தை ஒட்டி நடக்கிறார்கள். பூத்து மூடிய முட்செடி வேலி, சிறுவனுக்கு வரிசையாக நிற்கும் சிற்றாலயங்களாகத் தெரிகிறது. மே மாதத்தில் மாதா பீடத்தை அலங்கரிக்கும் அதே பூ. பிறகு வேலியின் இடைவெளியில், கையில் மண்வெட்டியோடு நிற்கும் ஸ்வானின் மகள் ஜில்பெர்த்தைக் காண்கிறான். அவள் பார்வையையும் சைகையையும் அவமதிப்பு என்றே எடுத்துக்கொள்கிறான். அது அப்படியல்ல என்பது பல பாகங்கள் கழித்துத்தான் அவனுக்குத் தெரியவரும். அங்கே மதில் இருந்திருந்தால் அவளைக் கண்டிருக்கவே மாட்டான். வெட்டவெளியாக இருந்திருந்தால் அவள் எட்டாதவளாகத் தோன்றியிருக்க மாட்டாள்.

பால்சாக்கின் ‘ஷுவான்கள்’ (1829) நாவலில் வேலியின் வேலை வேறு. 1799-இல் பிரான்சின் பிரித்தானிப் பகுதியில், குடியரசை எதிர்த்து மன்னராட்சி ஆதரவாளர்களான ஷுவான்கள் நடத்திய கிளர்ச்சியே கதை. ஒவ்வொரு வயலைச் சுற்றியும் ஆறடி மண்கரை, அதன்மேல் ஓக், செஸ்ட்நட் மரங்கள். எந்த மூலையில் வழி என்பது ஊர்க்காரனுக்குத் தெரியும். குடியரசுப் படைவீரனுக்குத் தெரியாது. அந்த வேறுபாட்டில் உயிர்கள் போகின்றன.

ஆனால் ஸோலாவின் ‘மண்’ (1887) நிகழும் போஸ் சமவெளியில் உயிர்வேலியும் இல்லை, மரமும் இல்லை. அங்கே நிலம் பங்குபோடப்படும்போது குடும்பமே பிளந்துபோகிறது. புரூஸ்ட் தன் நாவலில் வரும் கோம்ப்ரே என்ற ஊருக்கு மாதிரியாகக் கொண்ட இல்லியே என்ற ஊர், இதே சமவெளி முடிந்து பெர்ஷ் என்னும் வேலிநாடு தொடங்கும் ஓரத்தில் இருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த தகவல்.

பிரெஞ்சுக் கிராமத்தைப் பார்த்ததில்லை என்று தயங்க வேண்டாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிராக்டர்களுக்காக வயல்களை ஒன்றுசேர்த்தபோது, பழைய வேலிகளில் பெரும்பகுதி பிடுங்கப்பட்டுவிட்டது. இன்று பிரெஞ்சு வாசகர்கள் பலருக்கும் அவை புத்தகத்தில்தான் இருக்கின்றன.

ஸ்வானின் தோட்டப் பாதைக்குத் திரும்பிப் போங்கள். யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று மட்டும் கவனித்துப் படியுங்கள். தாத்தா சிறுவனைக் கூப்பிட்டு இளஞ்சிவப்புப் பூக்களைக் காட்டுகிற இடத்தில் அவசரப்படாதீர்கள். அதற்குச் சற்றுப் பின்னால்தான் ஜில்பெர்த் வருகிறாள்.