பூனைக்குட்டி கண்ணும் குறைமாதப் பிள்ளை கண்ணும்

கேள்வி: என் மகன் 31 வாரத்திலேயே பிறந்துவிட்டான். எடை 1,400 கிராம். மூன்று வாரம் இன்குபேட்டரில் இருந்தான், ஆக்சிஜனும் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, '28ஆம் நாளுக்குள் கண் டாக்டரிடம் விழித்திரையைக் காட்டுங்கள்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். இன்றோடு 25 நாள். வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறான், நன்றாகத்தான் இருக்கிறான். 'பூனைக்குட்டிகூடப் பத்து நாள் கண் திறக்காமல் கிடந்து அப்புறம் தானாகத் திறக்கும். முப்பது கழியட்டும், பச்சைப் பிள்ளையை வெளியே தூக்காதே' என்கிறார் மாமியார். தள்ளிப் போடலாமா?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: தள்ளிப் போடாதீர்கள். கடிதம் பார்த்த அன்றே உங்களுக்குத் தனியாகச் சொல்லிவிட்டேன். மற்ற அம்மாக்களும் படிக்கட்டும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் மாமியார் பூனைக்குட்டியைச் சொன்னாரே, அது சும்மா வந்த பேச்சில்லை. குறைமாதக் குழந்தையின் விழித்திரையைக் கெடுக்கும் ஆர்.ஓ.பி. (ரெட்டினோபதி ஆஃப் பிரிமெச்சூரிட்டி) என்ற நோயின் சூட்சுமமே பூனைக்குட்டியிடம்தான் பிடிபட்டது. 1940களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்குபேட்டரில் பிழைத்த குறைமாதக் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பார்வை இழந்தார்கள். ஏன் என்று தெரியவில்லை. 1951இல் மெல்போர்னில் கேட் கேம்பெல் என்ற குழந்தை மருத்துவர் ஆக்சிஜன் மீது சந்தேகப்பட்டார். லண்டனில் நார்மன் ஆஷ்டன் பூனைக்குட்டிகளை அடர்ந்த ஆக்சிஜனில் வைத்துப் பார்த்தார். விழித்திரையின் ரத்தக் குழாய்கள் சுருங்கி மூடிக்கொண்டன. சாதாரணக் காற்றுக்கு மாற்றியதும் கன்னாபின்னாவென்று முளைத்தன. பூனைக்குட்டி எதற்கு? பிறக்கும்போது அதன் விழித்திரையில் ரத்தக் குழாய் பாதி வழியில்தான் இருக்கும், குறைமாதக் குழந்தைக்கு இருப்பது போலவே. இமை திறப்பது வேறு, உள்ளே நடப்பது வேறு.

டெல்டாக்காரரான உங்களுக்கு இதைச் சொல்வது எளிது. கண் நரம்பு நுழையும் இடம்தான் தலைமடை. கர்ப்பத்தின் 16ஆம் வாரம் வாக்கில் அங்கிருந்து கிளம்பும் ரத்தக் குழாய்கள் ஓரத்துக்குப் போய்ச்சேர 40ஆம் வாரம் ஆகிவிடும். 31 வாரத்தில் பிறந்தால் கடைமடைக்கு ரத்தம் போய்ச் சேர்ந்திருக்காது. வயிற்றில் இருந்ததைவிட வெளியே ஆக்சிஜன் அதிகம், அதனால் குழாய்களின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. சில வாரம் கழித்து, காய்ந்து கிடக்கும் ஓரம் ரத்தம் கேட்டு ஒரு ரசாயனத்தைச் சுரக்கிறது. அப்போது வருவது ஒழுங்கான வாய்க்கால் இல்லை, காட்டுக்கொடி. அது விழித்திரையைப் பிடித்து இழுத்துப் பிய்த்துவிடும். இதைத்தான் ஆர்.ஓ.பி. என்கிறோம்.

ஆக்சிஜன் வைத்த டாக்டரைக் கோபிக்காதீர்கள். அது இல்லாமல் பிள்ளையே இல்லை. இப்போது அளந்துதான் வைக்கிறார்கள். அப்படியும் சிலருக்கு வரும்.

வெளிச்சத்துக்குக் கூசுகிறானே என்று ஆறுதல் படவேண்டாம். நோய் நன்றாக முற்றும்வரை கண் வெளியே பளிச்சென்றுதான் இருக்கும். கண்மணி வெள்ளையாகத் தெரியும்போது எங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நம் நாட்டில் 34 வாரம் அல்லது அதற்கு முன் பிறந்தவர்கள், 2,000 கிராம் அல்லது அதற்குக் குறைந்தவர்கள் எல்லோரையும் 30 நாளுக்குள் பார்த்துவிட வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களையும் 1,200 கிராமுக்குக் கீழே உள்ளவர்களையும் இன்னும் சீக்கிரம், இரண்டு மூன்று வாரத்திலேயே. உங்கள் வீட்டில் முப்பது கழியட்டும் என்கிறார்கள், எங்கள் கணக்கில் முப்பதோடு கெடு முடிகிறது! 1996இல் தமிழ்நாட்டில் பிறந்த ஒரு குறைமாதக் குழந்தைக்கு இந்தப் பரிசோதனையைச் செய்யாமலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பார்வை போய்விட்டது. 2015இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. உங்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தவர் தன் கடமையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

பரிசோதனை பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். கண்மணி விரியச் சொட்டு மருந்து விடுவார்கள், அப்புறம் மரத்துப்போக ஒரு சொட்டு. துணியில் இறுக்கிச் சுற்றி, இமை மூடாமலிருக்கச் சின்னக் கம்பி வைத்து, தலையில் விளக்கு மாட்டிய டாக்டர் லென்ஸ் வழியே ஓரம்வரை பார்ப்பார். பிள்ளை வீறிடும். அவனைவிட அம்மா அழுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். சில நிமிடம்தான். ஒரு மணி நேரத்துக்கு முன்பே பால் கொடுத்து முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கக்குவான்.

ரத்தக் குழாய் நிற்கும் இடத்தில் வெறும் கோடு தெரிந்தால் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். அது வரப்பு மாதிரி மேடேறி, விழித்திரையின் நடுவில் குழாய்கள் புடைத்து நெளிந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசரோ கண்ணுக்குள் ஊசியோ தேவைப்படும். லேசர், ரத்தம் கேட்டுக் கூப்பாடு போடும் அந்த ஓரத்தைச் சுட்டு அடக்கிவிடும். எதுவும் இல்லை என்றாலும் ஒரு தடவையோடு விடாதீர்கள். குழாய் ஓரம் தொடும்வரை, வாரம் ஒன்றோ இரண்டோ கழித்து வரச் சொல்வார்கள். பள்ளிக்கூடம் போகும் வயதில் கிட்டப்பார்வை, மாறுகண் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

போகும்போது சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள், மாமியாரையும் கூட்டிப் போங்கள். பிள்ளையைத் துணியில் சுற்றி அசையாமல் பிடிக்க அனுபவப்பட்ட கை ஒன்று வேண்டும்.