பழைய தத்துவங்களைப் பொதுமக்களிடம் கொண்டுபோக எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு கூட்டம் நடத்தி, கிரேக்க, அரபு, இந்தியத் தத்துவங்களைச் சாதாரண வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த நினைக்கிறோம். எப்படித் திட்டமிடுவது?

பதில்:

முதல் கிரேக்கத் தத்துவவாதி என்று சொல்லப்படும் தேலீசில் ஆரம்பித்துக் காலவரிசைப்படி போகலாம் என்று யோசித்து வைத்திருப்பீர்கள் என நினைக்கிறேன். அதைக் கைவிடுங்கள். மூன்றாவது கூட்டத்துக்குள் பெயரும் ஆண்டும் குவிந்துவிடும், வந்தவர்கள் குறிப்பெடுப்பதையே நிறுத்திவிடுவார்கள். வாழ்க்கை வரலாறும் பொன்மொழிகளும் வேண்டாம். ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு வாதம் போதும். அதை எழுதியவரின் விடையைச் சொல்வதற்கு முன்பே, அவர் எதிர்கொண்ட சிக்கலில் கேட்பவர்கள் மாட்டிக்கொள்ள வேண்டும்.

முதல் கூட்டத்துக்குப் பிளேட்டோவின் 'மெனோ' உரையாடலில் வரும் சதுரக் கணக்கை எடுங்கள். முன்படிப்பு எதுவும் தேவையில்லை, சாக்கட்டி இருந்தால் போதும். பக்கம் 2 அடி உள்ள சதுரம் ஒன்று வரையுங்கள், பரப்பு 4. இதைப்போல் இருமடங்கு, அதாவது பரப்பு 8 உள்ள சதுரத்தை வரையச் சொல்லுங்கள். பக்கத்தை இரட்டித்து 4 என்பார்கள், பரப்பு 16 ஆகிவிடும். 3 என்பார்கள், 9 வரும். உரையாடலில் சாக்ரடீஸ் கேட்கக் கேட்க, மெனோவின் வீட்டு அடிமைச் சிறுவனும் இதே வரிசையில்தான் தடுமாறுகிறான். பிதாகரஸ் தேற்றம் தெரிந்த ஒருவர் எடுத்தவுடனே 'வர்க்கமூலம் 8' என்று சொல்லிவிடுவார், கூட்டம் அங்கேயே படுத்துவிடும். அதனால் 'எண் சொல்லக்கூடாது, வரைந்துதான் காட்ட வேண்டும்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 16 சதுர அடிக் கட்டத்தை நான்கு சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூலைவிட்டம் போட்டால் நடுவில் விழும் சாய்ந்த சதுரத்தின் பரப்பு 8.

பலர் இத்துடன் கைதட்டி முடித்துவிடுகிறார்கள். தத்துவம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தான் எதையும் கற்பிக்கவில்லை, கேள்வி மட்டுமே கேட்டேன், பையன் தனக்குள் ஏற்கெனவே இருந்ததை நினைவுகூர்ந்தான் என்கிறார் சாக்ரடீஸ். ஆனால் அந்த மூலைவிட்டத்தை முன்வைப்பதே அவர்தான். அப்படியானால் பையன் கண்டுபிடித்தானா, அவனை இழுத்துப் போனார்களா? இந்தக் கேள்விக்கு நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள்.

இரண்டாவது கூட்டத்துக்கு மிலிந்த பஞ்ஹா. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இந்தோ-கிரேக்க அரசன் மெனாந்தரும் (பாலியில் மிலிந்தன்) நாகசேனர் என்ற பிக்குவும் உரையாடும் பாலி நூல் அது. பண்பாடுகளுக்கிடையே தத்துவம் என்று நீங்கள் கேட்பதற்கு இதைவிட நேரடியான பிரதி இல்லை. 'நாகசேனர்' என்பது வெறும் பெயர், அதற்குள் ஓர் ஆள் இல்லை என்கிறார் பிக்கு. அதற்கு அவர் தரும் தேர் உவமை பலருக்கும் தெரிந்தது: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை, உறுப்புகள் சேர்ந்த இடத்தில் 'தேர்' என்பது வழக்குப் பெயர். அறிமுகம் செய்பவர்கள் இதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னால் அரசன் எழுப்பும் தடையை விட்டுவிடுகிறார்கள். 'ஆள் என்று ஒருவர் இல்லையென்றால் உங்களுக்குச் சீவரம் (துறவி ஆடை) கொடுப்பது யார்? ஒழுக்கம் காப்பது யார்? உங்களைக் கொன்றவன்மேல் கொலைப்பழி எப்படி வரும்?' இதை முதலில் படித்து, கால்மணி நேரம் அரசன் பக்கம் நின்று பேச விடுங்கள். அப்போதுதான் தேர் ஒரு பதிலாகக் கேட்கும். இல்லாவிட்டால் வெறும் சாதுரியமாகப் போய்விடும்.

மூன்றாவதாக, பாரசீகத் தத்துவவாதியும் மருத்துவருமான இப்னு சீனா (980–1037). அவர் கற்பனை செய்யச் சொல்வது இது: ஒரே நொடியில் முழு வளர்ச்சியுடன் படைக்கப்பட்டு, கண்கள் மறைக்கப்பட்டு, கைகால்கள் ஒன்றையொன்று தொடாதபடி விரிந்து, வெளியில் மிதக்கும் ஒரு மனிதன். அவனுக்கு எந்தப் புலனுணர்வும் இல்லை. தான் இருக்கிறான் என்று அவனுக்குத் தெரியுமா? தெரியும் என்கிறார் இப்னு சீனா. இரண்டாவது கூட்டத்துக்கு அடுத்தே இதை வைப்பதற்குக் காரணம் உண்டு. நாகசேனர் பகுதி பகுதியாகப் பிரித்து 'என்ன மிஞ்சுகிறது?' என்று கேட்கிறார். இவர் உடலறிவை முழுவதும் நீக்கிவிட்டு 'ஒன்று மிஞ்சுகிறது' என்கிறார். கேள்வி ஒன்றை ஒன்று தொடுவதால் மோதல் உண்மையானது. இதில் இரண்டு தவறு நடக்கும். ஆன்மாவுக்கு முழு நிரூபணம் இது என்று யாராவது அறிவிப்பார்கள். இப்னு சீனா இதைச் சுட்டிக்காட்டல், நினைவூட்டல் என்ற அளவில்தான் முன்வைக்கிறார், உடலை விட்டு ஆன்மா பிரிந்து நிற்கும் என்பதற்குத் தனி வாதங்கள் பிறகு வருகின்றன. இன்னொருவர் 'நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்' என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த்தைக் கொண்டுவருவார். அவர் ஆறு நூற்றாண்டு பிந்தியவர், கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளிவையுங்கள்.

நான்காவதில் இஸ்லாமிய அறிஞர்கள் இருவர், கஸ்ஸாலியும் இப்னு ருஷ்தும். பஞ்சு நெருப்பில் பட்டதும் எரிகிறது. நாம் காண்பது 'பட்டபோது எரிந்தது' என்பதை மட்டுமே, 'பட்டதால் எரிந்தது' என்பதை அல்ல என்கிறார் கஸ்ஸாலி. காரணங்களை மறுப்பவன் அறிவையே மறுக்கிறான் என்று அடுத்த நூற்றாண்டில் இப்னு ருஷ்து பதில் எழுதுகிறார். இரண்டு பேரை எழுந்து நின்று இரு பக்கத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். பேச்சு 'மதமா, விஞ்ஞானமா' என்று நழுவும். தர்க்கத்தை ஏற்றுத் தர்க்க நூல்களே எழுதியவர் கஸ்ஸாலி என்பதை உடனே சொல்லி இழுத்துப் பிடியுங்கள்.

மணிமேகலையை ஐந்தாவதாகத் தள்ளியதற்குச் சிலர் கோபிக்கலாம். குறைத்து மதிப்பிடவில்லை. 27ஆம் காதையில் சமயக் கணக்கர்கள், அதாவது பல சமயங்களின் அறிஞர்கள், தங்கள் கொள்கையைச் சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறார்கள், எதிர்வாதம் அதிகம் இல்லை. அதைப் பொதுக்கூட்டத்தில் வாசித்தால் பட்டியலாகத்தான் கேட்கும். வாதம் செய்யும் முறையைச் சொல்லும் 29ஆம் காதைதான் நமக்குப் பயன்படும். இம்மலை நெருப்புடைத்து என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகை உடைமையால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களைபோல் என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை என்பதற்குப் புனல் (நீர்) எதிர் எடுத்துக்காட்டு. இந்தச் சட்டகத்தைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்து, அன்றைய செய்தித்தாளில் உள்ள ஒரு கூற்றை அதில் நிரப்பச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்குப் பக்கமும் ஏதுவும் வந்துவிடும், எதிர் எடுத்துக்காட்டில் கை நின்றுவிடும். அங்கேதான் அந்தக் காதை விரிக்கும் போலி வாத வகைகளைக் காட்ட வேண்டும்.

கூட்டத்தின் அளவு 15 முதல் 20 பேர், நேரம் 90 நிமிடம். வாசிப்புத் தாள் ஒரே பக்கம், 300 சொல்லுக்குள். அதைச் சத்தமாக இரண்டு முறை வாசிக்க வேண்டும், ஏனென்றால் முதல் முறை பெயர்கள்தான் காதில் விழும். காலம், இடம், அரசியல் எல்லாவற்றையும் வாதத்துக்குப் பிறகு சொல்லுங்கள். 'சூழலிலிருந்து பிய்த்து எடுக்கிறீர்கள்' என்று படித்தவர்கள் குறை சொல்வார்கள். வாதம் மனத்தில் தைத்தவருக்குத்தான் சூழல்மேல் ஆவல் வரும், அதனால்தான் இந்த வரிசை. 'இதெல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது' என்று எழுபவரிடம் சண்டை வேண்டாம். எந்த நூல், எந்தப் பகுதி என்று கேட்டு, அடுத்த கூட்டத்துக்கு அதை அவரையே கொண்டுவரச் சொல்லுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனம் கேட்கவில்லை. பிளேட்டோவின் 'மெனோ'வை எந்த மொழியில் படித்தாலும் 82 பி முதல் 85 பி வரை என்றால் அந்தச் சதுரம் கிடைக்கும். 1578ஆம் ஆண்டுப் பதிப்பின் பக்க எண்கள் அவை. நம் மொழிபெயர்ப்புகள் பலவற்றில் இந்த ஓர எண்களை எடுத்துவிடுகிறார்கள். எந்த ஆங்கில நூலிலிருந்து பெயர்த்தது, எதை விட்டது என்ற குறிப்பும் இருப்பதில்லை. 9ஆம் நூற்றாண்டு பாக்தாதில் மொழிபெயர்ப்பாளர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக், கிரேக்க மருத்துவர் காலனின் 129 நூல்களுக்கு யார் பெயர்த்தது, யாருக்காக, பிரதி எந்த நிலையில் இருந்தது என்று எழுதி வைத்தார். பல கிரேக்கப் பிரதிகள் கிடைத்தபோது அவற்றை ஒப்பிட்டுச் சரிசெய்து மொழிபெயர்த்தார். அச்சு இயந்திரம் இல்லாத காலத்தில் முடிந்த வேலை அது. வாசகன் சரிபார்க்கவே மாட்டான் என்று முடிவுகட்டி நூல் போடுவது அவனை அவமதிப்பது.

ஆகவே உங்கள் ஒரு பக்கத் தாளின் தலைப்பிலேயே நூற்பெயர், பகுதி எண், எந்த மொழிபெயர்ப்பு, அதன் ஆண்டு ஆகியவற்றைப் போடுங்கள். நீங்கள் வெட்டிய இடத்தில் மூன்று புள்ளி வையுங்கள். முடிந்தால் இரண்டு மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டு, அவை முரண்படும் வரியை அடியில் சிறிய எழுத்தில் கொடுங்கள்.