ஓடையில் கூட்டமாக நிற்கும் சின்ன மீன்கள்: கேள்வி பதில்

நீலகிரி ஓடைகளின் பொடிமீன்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

குன்னூரிலிருந்து: லைன் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் விரல் நீள மீன்கள் கூட்டமாக நிற்கின்றன. கெண்டைக் குஞ்சுகளா?

குஞ்சுகளாக இருக்காது. அவ்வளவுதான் வளரும். உடலின் பக்கத்தில் நீளவாக்கில் நீலப்பட்டை தெரிந்தால் டேனியோ என்னும் சின்ன மீன் வகை. கெண்டைக்குச் சொந்தக்காரன்தான். அதில் ஓர் இனத்துக்கு நம் மலையின் பெயரே உண்டு: டெவாரியோ நீல்கெரியன்சிஸ். மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே 1867இல் வைத்த பெயர். இன்று அது அழியும் ஆபத்தில் இருக்கிற மீன்.

கூடலூரிலிருந்து: எல்லாம் ஒரே திசையில் பார்த்து நிற்பது ஏன்?

தண்ணீர் வரும் பக்கம் பார்த்து நின்றால்தான் சாப்பாடு வாய்க்கு வரும். மரத்திலிருந்து விழும் எறும்பு, ஈ, சின்ன வண்டு எல்லாம் மிதந்துகொண்டு வரும். தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் பற்களால்தான் அரைக்கும்.

கோத்தகிரி ஆசிரியை ஒருவர்: ஒன்று பயந்தால் எல்லாம் ஒரே நொடியில் திரும்புகின்றனவே, எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கண் பாதி வேலை செய்கிறது. உடலின் இருபுறமும் பக்கக்கோடு என்று ஒன்று ஓடுகிறது. பக்கத்து மீன் வாலை அசைத்தால் எழும் அதிர்வு அதில் தெரியும்.

அப்புறம் வாசனை. ஒருமுறை பாறையில் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரையோரம் ஒரு நண்டு ஒரு மீனைக் கவ்வியது. அங்கிருந்து நாலைந்து அடி கீழே நின்ற கூட்டம் நண்டைப் பார்த்திருக்கவே முடியாது. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் மொத்தமும் அடிக்கு இறங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, அசையாமல் நின்றது. நான் எறும்பைப் போட்டும் ஒன்றுகூட மேலே வரவில்லை. மீனின் தோல் கிழிந்தால் அதிலிருந்து ஒரு பொருள் தண்ணீரில் கரைகிறது. அதை முகர்ந்ததும் மற்றவை பதுங்கும். தேனீ நடனத்தை விளக்கி 1973இல் நோபல் பரிசு வாங்கிய கார்ல் வான் ஃபிரிஷ்தான் இதையும் கண்டுபிடித்தார், ஐரோப்பாவின் ஒரு சின்ன ஓடை மீனிடம், 1938இல். கெண்டைக் குடும்பம் முழுக்க இந்தக் குணம் உண்டு.

குந்தாவிலிருந்து: முட்டையைக் காவல் காக்குமா?

காக்காது. செடி, பாசி நடுவே சிதறவிட்டுப் போய்விடும்; கண்ணில் பட்டால் தானே தின்றும்விடும். அதனால் முட்டைக்குச் சுத்தமான தண்ணீர் ஒன்றுதான் பாதுகாப்பு. மேலே சரிவை வெட்டி மண் இறங்கினால் வண்டல் மூடி மூச்சடைத்துப் போகும். ஓடைக்கரைச் செடிகளை வெட்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

ஊட்டியிலிருந்து: தொட்டியில் கப்பி மீன் பெருகிவிட்டது. ஓடையில் விடலாமா?

தயவுசெய்து வேண்டாம். தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே தூண்டில் ஆசைக்காக வெளியூர் டிரவுட் மீனைக் கொண்டுவந்து, 1907 வாக்கில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமே வைத்தார்கள். டிரவுட் சின்ன மீனைத் தின்னும். கொசுவை ஒழிக்க வந்த கம்பூசியா மீனும் முட்டை, குஞ்சுகளை விடுவதில்லை.

ஏழாம் வகுப்பு மாணவன்: நான் போனாலே ஓடிவிடுகின்றன. எப்படிப் பார்ப்பது?

தம்பி, உன் நிழல் தண்ணீரில் விழாத பக்கமாக உட்கார். காலை அசைக்காதே. கொஞ்ச நேரம் பொறு, முதலில் ஒன்று மட்டும் பாறை இடுக்கிலிருந்து எட்டிப் பார்க்கும்.