வார்த்தை வராத நேரத்தில் ஒரு பியானோ

கேள்வி: என் கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து எட்டு மாதமாகிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. விடியற்காலையில் பியானோவில் மட்டும் வாசித்த ஞானப்பாட்டுகளை இயர்போனில் கேட்கிறேன். மனசு கொஞ்சம் அடங்குகிறது. ஆனால் என் அத்தை, என் கணவரின் அம்மா, "வார்த்தையே இல்லாத பாட்டு எப்படிம்மா ஜெபமாகும்?" என்கிறார்கள். சில நாள் மூன்று மணி நேரம் ஓடிவிடுகிறது. என்ன கேட்டேன் என்றே தெரிவதில்லை. நான் செய்வது தவறா?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அன்புச் சகோதரி, தவறே இல்லை. வேதாகமத்தில் 2 இராஜாக்கள் 3-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தண்ணீரில்லாமல் தவித்த மூன்று ராஜாக்கள் எலிசா தீர்க்கதரிசியிடம் வந்து நிற்கிறார்கள். இஸ்ரவேலின் ராஜாமேல் அவருக்குக் கோபம். அந்த மனநிலையில் அவர் வாக்கு சொல்லத் தொடங்கவில்லை. சுரமண்டலம் என்ற தந்தி வாத்தியம் வாசிக்கிறவன் ஒருவனை அழைத்துவரச் சொல்கிறார். அவன் வாசித்தபோது கர்த்தருடைய கரம் எலிசாவின்மேல் இறங்கிற்று என்கிறது 15-ஆம் வசனம். என்ன பாட்டு, என்ன வார்த்தை என்று ஒன்றும் எழுதியில்லை. சவுல் ராஜாவுக்கு ஆறுதல் தந்ததும் தாவீதின் கை வாசித்த சுரமண்டலம்தான். இதை அத்தையிடம் வாதமாகச் சொல்லாதீர்கள். சேர்ந்து உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.

ஆனால் அந்த மூன்று மணி நேரத்தைக் குறைத்தே ஆகவேண்டும். கோவிலில் ஆர்கன் வாசிக்கும்போது கவனித்திருப்பீர்கள்: விரலை எடுக்கும்வரை சத்தம் அப்படியே நிற்கும். பியானோவில் சுத்தியல் தந்தியைத் தட்டிய நொடியிலிருந்தே சத்தம் தேயத் தொடங்கிவிடும். ஒரு சுரம் தேய்ந்து அடுத்தது வருவதற்குள் ஒரு சின்ன அமைதி கிடைக்கிறது பாருங்கள், உங்கள் மனசு அடங்குவது அங்கேதான் என்று நினைக்கிறேன். பாட்டுக்குப் பின் பாட்டாக ஓடவிட்டால் காது பழகிப்போய், மழைச் சத்தம் மாதிரி ஆகிவிடும். ஒரே ஒரு பாட்டு போதும். இரண்டு முறை கேளுங்கள். பிறகு நிறுத்திவிட்டு அதே அளவு நேரம் சும்மா உட்காருங்கள். முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொண்டால் நடுவில் விளம்பரம் வந்து குலைக்காது.

எந்தப் பாட்டு? உங்களுக்கு மனப்பாடமான ராகமாக இருக்கட்டும். "என்னோடிரும், மா நேச கர்த்தரே" நம் பாட்டுப் புத்தகமான பாமாலையில் இருக்கிறதே, அதைச் சொல்வேன். ஹென்றி லைட் என்ற குருவானவர் 1847-இல், தாம் இறந்த அதே வருடத்தில், எழுதிக் கொடுத்தது. இன்று நாம் பாடும் ராகத்தை 1861-இல் வில்லியம் மங்க் அமைத்தார். ஆங்கில மூலத்தில் அடிக்குப் பத்து அசை. தமிழிலும் அந்த முதல் அடியை விரல்விட்டு எண்ணுங்கள்: என்-னோ-டி-ரும்-மா-நே-ச-கர்த்-த-ரே, பத்துதான். அதனால் எந்த ஊர்க்காரர் பியானோவில் வாசித்தாலும் தமிழ் வார்த்தை ராகத்தில் தானாக வந்து உட்காரும். நீங்கள் வாய் திறக்காவிட்டாலும் ஜெபம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று சொல்லவேண்டும். நீங்கள் கணவரை இழந்த அதே நாளில் அத்தை தன் மகனை இழந்தார்கள். அவர்களுக்குப் பாமாலை முழுக்க மனப்பாடமாக இருக்கும். ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் இயர்போனைக் கழற்றிவிட்டு, அவர்கள் காதிலும் விழுகிற மாதிரி இந்த ராகத்தைப் போடுங்கள். இரண்டாம் அடிக்குள் அவர்களே பாடத் தொடங்கினால், நீங்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள்.