எண் போட்ட மரத்தைக் காப்பாற்ற முடியுமா?

கேள்வி: கோத்தகிரியில் எங்கள் தெருவை ஒட்டிய பட்டா நிலத்தில் பெரிய மரங்களுக்குப் பெயின்டில் எண் போட்டிருக்கிறார்கள். சொந்த நிலம், யாரும் கேட்க முடியாது என்கிறார்களே?

பதில்: கேட்கலாம். மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1955 நீலகிரிக்குப் பொருந்தும். பட்டா நிலமானாலும் மரம் வெட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். எண் போட்டிருப்பதாலேயே அனுமதி கிடைத்துவிட்டது என்று ஆகாது. கணக்கெடுப்புக்கும் எண் போடுவார்கள்.

இன்றைக்கே மரம் மரமாகப் படம் எடுங்கள். எண், முழு மரம், பின்னணியில் வீடோ வேலிக்கல்லோ தெரியட்டும். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் டேப் பிடித்துச் சுற்றளவைக் குறியுங்கள். பத்துக்கு அனுமதி வாங்கிப் பதினைந்தைச் சாய்த்தால் பிடிபடுவது இந்தக் கணக்கில்தான். சர்வே எண்ணுடன் மாவட்ட வன அலுவலருக்கும் குன்னூர் கோட்டாட்சியருக்கும் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் அனுமதி உத்தரவின் நகல் கேட்கலாம். ஆனால் பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். ரம்பச் சத்தம் கேட்டால் உடனே வனச்சரகருக்கு போன். லீவு நாளில் கூடுதல் கவனம் தேவை.

ரம்பம் இல்லாமலும் மரத்தைக் கொல்வார்கள். அடிமரத்தில் பட்டையை வளையமாகச் சீவினால் இலையில் உருவாகும் உணவு வேருக்கு இறங்காது. வேர் பட்டினியில் சாகும். பிறகு 'காய்ந்த மரம்' என்று மனு வரும். சீவிய இடம் ஈரமாக இருக்கும்போதே படம் பிடித்துப் புகார் செய்யுங்கள். ஜேசிபி மண்ணை வெட்டுவதும் அதே கதைதான்: அடிமர விட்டத்தைப் போல 12 மடங்கு தூரம் வரை வேரைத் தொடக்கூடாது. ஒன்றரை அடி விட்டமென்றால் 18 அடி. அதற்குள் வெட்டினால் அடுத்த மழைக்காற்றில் சாயலாம். பழி மரத்தின் மேல் விழும்.

'ஆபத்தான மரம்' என்று காரணம் சொன்னால், எந்தக் கிளை, எந்தப் பக்கச் சாய்வு, அடியில் பொந்து உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பல நேரம் காய்ந்த கிளையைக் கழித்தாலே போதும். தலையை மொட்டையடிக்க மட்டும் விடாதீர்கள். வெட்டிய இடம் அழுகி, அங்கே முளைக்கும் கிளைகள் பிடிமானம் இல்லாமல் முறியும், முன்பைவிட ஆபத்து.

சோலையை, அதாவது மலையின் இயற்கைக் காட்டை, மீட்க வனத்துறை வெளிநாட்டு மரங்களான கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் (வாட்டில்) அகற்றுவது வேறு விஷயம். அதற்கு மனு எழுத வேண்டாம்.