சூரியப் புயலுக்குக் காப்பு பிளக் வாங்கலாமா?

கேள்வி: சம்பளம் போட்ட மறுநாள் எங்கள் லயத்துக்கு ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். சூரியப் புயல் வரப்போகிறது, டிவியும் பிரிட்ஜும் கருகிவிடும், 2025 பெப்ரவரியில் நாடு முழுவதும் மின்சாரம் போனதே அதனால்தான் என்கிறார். சுவரில் செருகும் காப்பு பிளக் ஒன்றை 6,500 ரூபாவுக்கு விற்கிறார். பக்கத்து வீட்டு அக்கா இரண்டு வாங்கிவிட்டார். நானும் வாங்கட்டுமா ஐயா? – மஸ்கெலியா வாசகி

பதில்: வாங்காதீர்கள் சகோதரி. கொழுந்து பறிப்பவருக்கு 6,500 ரூபா பல நாள் கூலி. அதைச் சம்பள நாள் பார்த்து வந்து பறிக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சூரியப் புயல் கட்டுக்கதை அல்ல. சூரியனிலிருந்து சில வேளைகளில் மின்னேற்றம் கொண்ட வாயு, காந்தப் புலத்தையும் சுமந்துகொண்டு பெரும் முகிலாக வெடித்துக் கிளம்புகிறது. பூமியை எட்ட அதற்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்கள் ஆகும். சூரியன் இருக்கும் பக்கத்தில் ஏறத்தாழ 60,000 கிலோமீற்றர் வரை பரந்திருக்கும் பூமியின் காந்தப் புலம் அதைத் தடுத்து நிறுத்தப் பார்க்கும். வரும் முகிலின் காந்தத் திசை தெற்கு நோக்கி இருந்துவிட்டால், அது நமது புலத்துடன் பிணைந்து சக்தியை உள்ளே பாய்ச்சிவிடும். அப்போது தரைமட்டத்திலும் காந்தப் புலம் தடுமாறும். மாறுகின்ற காந்தப் புலம் கம்பியில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று பாடசாலையில் படித்திருப்பீர்கள். ஆனால் சூரியப் புயல் தூண்டும் மின்னோட்டம் ஆபத்தாக வேண்டுமானால், கம்பி நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீண்டிருக்க வேண்டும். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடந்தது அதுதான். நீண்ட மின்மார்க்கங்கள் செயலிழந்து, சுமார் 60 இலட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருளில் இருந்தார்கள். விழுந்தது மாகாணத்தின் மின்கட்டமைப்பு. உங்கள் லயத்து அறைக்குள் ஓடும் சில மீற்றர் வயரில் அந்த வேலை நடக்காது. அதோடு, இந்த அடி பலமாக விழுவது துருவங்களை அண்டிய நாடுகளில். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகையில்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி மின்தடைக்கும் சூரியப் புயலுக்கும் சம்பந்தமில்லை. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு மோதியதால் ஏற்பட்டது என்று அமைச்சரே அறிவித்தார்.

இதே போன்ற ஒரு பிளக்கை மின்திருத்துநர் ஒருவரிடம் கொடுத்துப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே பெருவிரல் நுனியளவு கொள்ளளவி ஒன்று, இரண்டு சிறு தடையிகள், ஒரு பச்சை விளக்கு. எர்த்துக்கான மூன்றாவது முள் வெறும் பிளாஸ்டிக். அதனுடன் எந்த வயரும் சேரவில்லை. எர்த் இல்லாத ஒன்று எந்த மின்வெள்ளத்தை எங்கே கொண்டுபோய் விடும்?

மலையகத்தில் டிவியைக் கொல்வது இடி மின்னலும் ஏறி இறங்கும் மின்னழுத்தமும்தான். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் வானம் இருண்டுவரும்போதே, இடி தொடங்குமுன், டிவி பிளக்கையும் அன்டெனா வயரையும் கழற்றிவிடுங்கள். இதற்குச் செலவே இல்லை. பணம் போடுவதென்றால், தகுதியுள்ள மின்திருத்துநரை அழைத்து எர்த்தைச் சோதியுங்கள். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே மின்சாரம் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் அதை மாற்றுங்கள். மின்னல் தடுப்புச் சாதனம் இவற்றுக்குப் பிறகுதான்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லுங்கள்: நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும். பற்றுச்சீட்டு இருந்தால் முறைப்பாடு வலுப்பெறும். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை.

கேள்வி: மார்ச் மாத நடுவில் சில நாட்களாகப் பகலில் ஏறத்தாழ ஒரே நேரத்துக்கு டிஷ் டிவியின் படம் சில நிமிடங்கள் போய்விடுகிறது. வெயிலில் டிஷ்ஷின் தலைப்பகுதி பழுதாகிவிட்டது, புதிதாக மாட்ட வேண்டும் என்கிறார் கடைக்காரர். – பண்டாரவளை வாசகர்

பதில்: மாட்ட வேண்டாம். மார்ச் நடுப்பகுதியிலும் செப்டெம்பர் இறுதியிலும் சூரியன், உங்கள் டிஷ் பார்த்திருக்கும் செய்மதிக்கு நேர் பின்னால் வந்து கடக்கிறது. சூரியனின் வானொலி இரைச்சல் செய்மதியின் மெல்லிய சமிக்ஞையை மூழ்கடித்துவிடுகிறது. சில நாட்களில் தானாகச் சரியாகிவிடும். மழை நேரத்திலும் மூடுபனியிலும் நெடுநேரம் படம் போகிறதென்றால் அது வேறு கதை. வயர் இணைப்பில் நீர் இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றும் லொறிக்கு ஜிபிஎஸ் கருவி வாங்கினேன். இரவில் லொறி பள்ளத்தாக்குக்குள் நிற்பதாகக் காட்டுகிறது. விற்றவரோ சூரியன் மேல் பழியைப் போடுகிறார். – நுவரெலியா வாசகர்

பதில்: இவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இலங்கைக்கு மிக அருகே செல்கிறது. அதை அண்டிய பகுதிகளில் சூரியன் மறைந்த பின், நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் உயரத்திலுள்ள அயனமண்டலம் என்ற மின்னேற்றம் கொண்ட மேல்வளி அடுக்கில் அடர்த்தி குறைந்த குமிழிகள் எழும்புகின்றன. ஊடே வரும் ஜிபிஎஸ் சமிக்ஞை துடிதுடித்துச் சிதறுகிறது. மார்ச், செப்டெம்பரை ஒட்டிய மாதங்களிலும், சூரியனின் பதினொரு ஆண்டுச் சுழற்சி உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளிலும் இது அதிகம். பொதுவாக நள்ளிரவை நெருங்கும்போது தணியத் தொடங்கும்.

ஆனால் பகலிலும், அதுவும் றம்பொடை வளைவுகளில் மட்டும் தடுமாறுகிறதென்றால் காரணம் மலைச்சரிவுதான். பாறையில் பட்டுத் திரும்பும் சமிக்ஞை கருவியை ஏமாற்றுகிறது. ஒரு வாரம் நேரத்தையும் இடத்தையும் குறித்து வையுங்கள். தம்புள்ளை சமவெளியில், நண்பகலில், திறந்த வானத்தின் கீழும் பிழை காட்டினால் கருவியே பழுது. உத்தரவாத அட்டையுடன் போய் மாற்றித் தரக் கேளுங்கள். இனி வாங்குவதானால் இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்யும் கருவியைத் தேடுங்கள். அயனமண்டலத்தால் ஏற்படும் தாமதத்தை அது கணித்துத் திருத்திக்கொள்ளும். குமிழிகளின் சிதறலை அதனாலும் முழுதாக நீக்க முடியாது.

கேள்வி: ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் எடுக்க ஆசை. சூரியப் புயலில் அந்தச் செய்மதிகள் விழுந்துவிடும் என்கிறார்களே? – ஹட்டன் ஆசிரியை

பதில்: 2022 பெப்ரவரியில் ஏவிய 49இல் 40 வரை அழிந்தது உண்மை. புயல் மேல்வளிமண்டலத்தைச் சூடாக்கி உப்பச் செய்ததால் உராய்வு கூடியது. அவை சுமார் 210 கிலோமீற்றர் உயரத்தில் அப்போதுதான் விடப்பட்டவை. சேவை தரும் செய்மதிகள் ஏறத்தாழ 550 கிலோமீற்றரில் சுற்றின, அவை தப்பிவிட்டன. புயல் நேரத்தில் வேகம் குறையலாம், கொஞ்ச நேரம் அறுந்தும் போகலாம். அந்தப் பயத்துக்காகத் தவிர்க்க வேண்டாம் டீச்சர். உங்கள் வீட்டுக்கு மேலே யூகலிப்டஸ் மரங்கள் வானத்தை மறைக்கின்றனவா, மாதக் கட்டணம் உங்கள் சம்பளத்துக்குத் தாங்குமா என்ற இரண்டையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.